சோத்தாங்கையை நீட்டு

சகோதரிகளே, ஒரு பிள்ளையை நான் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதற்கு ஊழியம் என்று பெயரும் வைத்திருந்தேன். ஆண்டவர் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றினார். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். பாதியில் யாரும் அல்லேலூயா சொல்ல வேண்டாம், முழுவதும் கேளுங்கள்.

திருநெல்வேலிப் பேட்டையில் இருபத்திரண்டு வருஷம் டீச்சராக இருந்தேன். இடது கையால் எழுதுகிற பிள்ளைகளைத் திருத்துவதில் எனக்குப் பெரிய பேர். செல்வி என்று ஒருத்தி மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். எதை எடுத்தாலும் பீச்சாங்கைதான். அவள் தலையிலிருந்த ரிப்பனை அவிழ்த்து, அந்தக் கையைப் பெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்போட்டேன். ஒரு வருஷம் தினமும் கட்டினேன். அவள் அம்மாவே என்னைக் கும்பிட்டு, "நீங்கதான் டீச்சர் எம்புள்ளைய மனுசியாக்குனிய" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தொண்ணூற்றைந்தில் என் வீட்டுக்காரர் தவறிப்போனார். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, மூச்சு முட்டியது. "என்னை எங்கேயாவது அனுப்பும் ஆண்டவரே" என்று அழுதேன். அந்த மாதமே சபையில் அறிவிப்பு வந்தது. இலங்கையில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். வவுனியாவில் அகதிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். வேலையில் லீவு போட்டுவிட்டு, நம் சபைகள் சேர்த்துக் கொடுத்த நோட்டுப் புத்தகங்களையும் கட்டிக்கொண்டு கிளம்பினேன். என்னுடைய மர ஸ்கேலையும் பெட்டியில் வைத்தேன். அதை மட்டும் மறக்கவில்லை.

முதல் நாள் காலை. தகரக் கூரை, சுவர் கிடையாது. பின்னால் ஒரு கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை என்னைவிடச் சின்னவர். "அக்கா, அந்தக் கயிற்றைத் தாண்டக் கூடாது, அங்கால கண்ணிவெடி இருக்கு. இந்தப் பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "இருபத்திரண்டு வருசம் புள்ளைகளை மேச்சவ நான். பாத்துக்கிடுதேன், நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டேன். அவர் ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் போதும். நான் விடவில்லை.

நோட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பிள்ளையாக வந்து வாங்கியது. எட்டு வயதிருக்கும், வதனி என்று பேர், பெரியவர்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். வலது பக்கத்தை எனக்குக் காட்டாமல் ஒருச்சாய்ந்து நின்று, இடது கையை நீட்டினாள்.

"ஏளா, சோத்தாங்கையை நீட்டு."

நீட்டவில்லை. நீட்டிய இடது கையின் மணிக்கட்டைப் பிடித்து, விரல் மொழியில் ஸ்கேலால் அடித்தேன். நாலு அடி. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. வகுப்பு மொத்தமும் மூச்சுவிடாமல் இருந்தது. முதல் நாளே நமக்கு மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனாலும் அவள் வலது கையை நீட்டாததில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "திமிரா ளா ஒனக்கு" என்று வலது பக்கத்துச் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தேன்.

சட்டைதான் வந்தது. உள்ளே கை இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். அதுவரை அழாதவள் ஒரு சத்தம் போட்டாள். போட்டுக்கொண்டே ஓடி, கயிற்றுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பொய் சொல்லக் கூடாது. என் மனதில் முதலில் வந்தது அந்தப் பிள்ளை இல்லை. திருநெல்வேலியில் என்ன பேசுவார்கள் என்பதுதான் முதலில் வந்தது. அடுத்துத்தான் அவள் ஓடுவதைப் பார்த்தேன். நாற்பது ஐம்பது அடி போன பிறகு அவளுக்கே தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து, அப்படியே நின்றுவிட்டாள். தலைமை ஆசிரியை ஓடி வந்தார். "ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ" என்றார். பிறகு மெதுவாக, "வதனி, நீ போன காலடி தெரியுதா? அதிலயே கால் வச்சு வாம்மா" என்று கூப்பிட்டார்.

நான் மண்ணில் கிடந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, என் கையை எடுத்துக்கொள்ளும், அவள் காலை விட்டுவிடும்." வேறு வார்த்தை வரவில்லை. அவள் ஒவ்வொரு அடியாகக் குனிந்து பார்த்துப் பார்த்து வைத்தாள். பாதி வழியில் புல் அடர்ந்து தடம் தெரியாமல் போனது. ஒற்றைக் காலில் நின்றாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் காலை ஊன்றினாள். ஒன்றும் ஆகவில்லை.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்ததும் நான் "ஸ்தோத்திரம்" என்று அலறினேன். அவள் நேரே என்னிடம் வந்தாள். வீங்கிப்போன அதே கையை நீட்டினாள்.

"இன்னும் அடிக்கிறதெண்டா அடியுங்கோ டீச்சர். பிறகு கொப்பியைத் தாங்கோ."

நோட்டைக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டுக்குள் கோடு போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். தலைமை ஆசிரியை பிறகுதான் சொன்னார், போன வருஷம் அதே வெளியில் விறகு பொறுக்கப் போய்த்தான் கை போனதாம். இடது கையால் எழுத அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாளாம். அந்தக் கையில்தான் நான் அடித்திருக்கிறேன். இரண்டு வாரம் அவளால் பென்சில் பிடிக்க முடியவில்லை.

ஸ்கேலை அன்றைக்கே அடுப்பில் வைத்தேன். ஆறு மாதம் அங்கே இருந்தேன். வதனி ஒருநாளும் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

ஊருக்கு வந்ததும் செல்வியைத் தேடிப் போனேன். கல்யாணமாகிப் பேட்டையிலேயே இருந்தாள். "என்னை மன்னிச்சிருளா" என்றேன். அவள் பதறிப்போய், "என்ன டீச்சர் இப்படிச் சொல்லுதிய? சோத்தாங்கையில எழுத்தே வரல. அதான் அஞ்சாவதோட நின்னுட்டேன். அதுக்கு நீங்க என்ன செய்விய?" என்றாள். உள்ளே போய்க் காப்பி கொண்டு வந்தாள். வலது கையால் நீட்டினாள். இடது கை வலது முழங்கையைத் தொட்டபடி இருந்தது, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

சகோதரிகளே, அவர் ஜெபத்தைக் கேட்கிறவர். நான் கண்ணால் பார்த்தேன். உங்கள் பிள்ளைகளுக்காக அவரை நம்பிக் கேளுங்கள், கொடுப்பார். என் கையை எடுத்துக்கொள்ளும் என்றும் நான் கேட்டேன். அவர் எடுக்கவில்லை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.