நிலாவுக்கு நாலு வரி போதும்

போன வருடம், எங்கள் பக்கம் மாங்காய் இறக்கும் பருவத்தில் நடந்தது இது. அப்போது நான் ஓசூர் மத்திகிரியில் இன்னும் சில பெண்களோடு ஒரு வாடகை அறையில் தங்கி, சூளகிரிப் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வண்டிகளுக்குள் போகும் ஒயர் கட்டுகளைச் செய்யும் கம்பெனி. சொந்த ஊர் வேப்பனப்பள்ளிக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோப்பில் மாங்காய் பறிக்கப் போகிறவர்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வளர்ந்தேன். கல்லூரியில் படித்தது பி.எஸ்சி. இயற்பியல்.

இதில் கடைசி விஷயம் மட்டும் கம்பெனிக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் கம்பெனிகளில் வரிசையாக நின்று செய்யும் லைன் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது. பிளஸ் டூ வரைக்கும்தான் சொல்ல வேண்டும். டிகிரி என்று வாயைத் திறந்தால் இவர்கள் நிலைத்து நிற்க மாட்டார்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் முதலில் உண்மையைச் சொல்லி இரண்டு இடங்களில் வாசலோடு திரும்பி வந்தவள். அடுத்த இடத்தில் ஆள் சேர்க்கும் கான்ட்ராக்டரே சொல்லிவிட்டார்: "டிகிரி சர்ட்டிபிகேட்ட ஊட்லயே வெச்சிட்டு வாம்மா." வைத்துவிட்டுப் போனேன். படித்ததை மறைப்பது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை. நாள் முழுக்க ஒயர் முனையைக் கிளிப்பில் செருகுகிறவளிடம் யார் வந்து இயற்பியல் கேட்கப் போகிறார்கள்?

கேட்டார்கள். லைன் டெக்னீஷியன் வேலைக்கு உள்ளேயிருந்தே ஆள் எடுக்கிறோம், நிரந்தர வேலை, கான்ட்ராக்ட் பெண்களும் எழுதலாம் என்று அறிவித்தார்கள். ஒன்பதாவது, பத்தாவது இயற்பியலில் பரீட்சை. மின்சாரம் கேட்டாலாவது ஒரு நியாயம் உண்டு. இயக்க விதிகளில் தொடங்கி அண்டம் வரைக்கும் படித்து வரச் சொன்னார்கள். ஒயர் செருகுவதற்கு அண்டம் எதற்கு என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்ட பிறகு யாருக்குக் கேள்வி வரும்? கான்ட்ராக்ட் முடிந்தால் வெளியே அனுப்பி, கொஞ்ச நாள் கழித்துப் புதிதாக வந்தவள் போல மறுபடி சேர்ப்பார்கள். அப்படி வெளியே போகும் முறை எனக்கு வர இருந்தது. தங்கை பிளஸ் டூ முடித்திருந்தாள். அவள் கல்லூரிக்குப் போவதா, என்னோடு கம்பெனி பஸ் ஏறுவதா என்பது நான் நிரந்தரமாவதைப் பொறுத்து என்று அப்பா சொல்லியிருந்தார்.

லைனில் எனக்கு அடுத்து நின்ற அக்கா சிவகங்கைப் பக்கத்துக்காரர். அவர் கணவருக்கு ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை. எங்கள் தெருவிலேயே குடியிருந்தார்கள். நான் டிகிரி படித்தது கம்பெனியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை, கடைசி வரை. அவரும் பரீட்சைக்குப் பேர் கொடுத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக் குடு புள்ள, படிச்சதெல்லாம் அடுப்புல போயிருச்சு" என்றார்.

பஸ்ஸிலேயே பாடம் நடத்தினேன். வேகத்தடையில் டிரைவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருக்கும் பெண்கள் எல்லோரும் முன்னால் சாய்வார்கள். இதுதான் அக்கா நிலைமம் என்பேன். "அப்ப பஸ்ஸு நின்னத நம்ம ஒடம்பு ஒத்துக்கிற மாட்டேங்குது, அம்புட்டுத்தேன?" என்பார். எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை. வழியில் சானமாவுக் காட்டுப் பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று வண்டிகளை நிறுத்திவிட்டால் மற்றவர்கள் எல்லாம் ஷிப்டுக்கு லேட் என்று புலம்புவார்கள். நாங்கள் உந்தத்தை முடித்துவிட்டு ஈர்ப்பு விசைக்குப் போய்விடுவோம். கல்லூரியை விட்டு வந்த பிறகு நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

நிலா ஏன் பூமியின் மேல் விழுவதில்லை என்ற கேள்வி கண்டிப்பாக வரும் என்று சொல்லி, அக்காவுக்குப் பதிலை மனப்பாடம் செய்ய வைத்தேன். பூமியின் ஈர்ப்பு விசையே மையநோக்கு விசையாக இருந்து நிலாவைச் சுற்ற வைக்கிறது, அவ்வளவுதான். "நாலு வரி போதும் அக்கா. புக்ல இருக்கறத எழுதுங்க, கூட எழுதாதீங்க" என்றேன். "எனக்குத் தெரிஞ்சதே நாலு வரிதேன். அஞ்சாவதுக்கு நான் எங்க போவேன்?" என்று சிரித்தார்.

கேன்டீனில் மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுப் பரீட்சை வைத்தார்கள். சாம்பார் வாசனையோடு கேள்வித்தாள் வந்தது. நிலா கடைசிக் கேள்வி. நாலு வரி எழுதினேன். பேனாவை மூடியிருக்க வேண்டும். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. நேரம் மிச்சமிருந்தது. இத்தனை நாள் கழித்து ஒரு தாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தது. நிலா விழவில்லை என்று யார் சொன்னது, அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது என்று ஐந்தாவது வரியைத் தொடங்கினேன். இங்கே கையிலிருந்து விட்ட கல் முதல் நொடியில் ஐந்து மீட்டர் போல விழும். நிலா பூமியின் மையத்திலிருந்து அறுபது மடங்கு தள்ளி இருப்பதால் அதே நொடியில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட விழாது. அதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதோடாவது விட்டேனா? அதன் பாதை சரியான வட்டம் இல்லை, நீள்வட்டம் என்று சொல்லி, அது எப்படி வருகிறது என்பதைக் கல்லூரியில் படித்தபடி ஒவ்வொரு படியாக எழுதி முடித்தேன்.

திருத்தியவர் பயிற்சிப் பிரிவில் இருந்த இளவயது இன்ஜினீயர், சேலத்துக்காரர். சில நாள் கழித்து லைனுக்கே என்னைத் தேடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏங்க, நீள்வட்டம் வர்ற வரைக்கும் போட்டிருக்கீங்க. நானே அரியர் வெச்சு பாஸ் பண்ண பாடங்க அது. எங்க படிச்சீங்க?" என்றார். சும்மா படித்தேன் என்று மழுப்பினேன். அவர் விடவில்லை. இந்தப் பெண்ணை டெக்னீஷியனாக ஏன் போட வேண்டும், குவாலிட்டி பிரிவிலேயே எடுக்கலாம் என்று என் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஹெச்.ஆருக்குப் போனார். நல்ல மனுஷன். கெட்டவர் யாராவது திருத்தியிருந்தால் நாலு வரிக்கு மார்க்கைப் போட்டுவிட்டு மிச்சத்தைப் படிக்காமலே விட்டிருப்பார், நான் பிழைத்திருப்பேன்.

ஹெச்.ஆர். மேடம் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். மேசையில் என் தாள் விரித்துக் கிடந்தது.

"டிகிரி முடிச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"சேரும்போது கேட்டோமே. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சேத்திருப்பீங்களா மேடம்?"

அவர் ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தார். "மாட்டோம்" என்றார். பிறகு, "ஆனா பொய் பொய்தானம்மா. உங்களுக்குன்னு ரூல மாத்த முடியாது" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறேன். கோபம்தான் வருகிறது. கதவருகே அந்த இன்ஜினீயர் நின்றிருந்தார். "நல்லது பண்ணலாம்னுதாங்க..." என்று ஆரம்பித்தார். அன்றைக்கே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள்.

டெக்னீஷியன் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. அறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்ன நாலு வரியத்தேன் புள்ள எழுதுனேன்" என்று அழுதார். சந்தோஷம் அக்கா என்றேன். சந்தோஷம் இல்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தெரிந்தும் நெஞ்சு எரிந்தது. இன்றும் போனில் செய்தி போட்டு நலம் கேட்கிறார். நான் இரண்டு நாள் கழித்துத்தான் பதில் போடுகிறேன்.

ஊருக்குப் போய்ச் சொன்னபோது அப்பாவுக்கு முதலில் புரியவே இல்லை. "படிச்சதுக்கா வேலை போச்சு?" என்று தெலுங்கில் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் கருப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கிய படம் அவர் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்தது. தங்கை அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு யாரும் கேட்காமலே, "நான் காலேஜுக்குப் போலக்கா. உன்ன மாதிரி மறைச்சுக்கினு நிக்கற தொல்லை எனக்கு என்னாத்துக்கு?" என்றாள். நான் சண்டை போட்டேன், கெஞ்சினேன். அப்பா ஒரு வார்த்தை எனக்காகப் பேசியிருக்கலாம். படித்ததால் வேலை போய் நிற்கிறவளுக்காக அவர் என்ன சொல்லிப் பேசுவார்?

இப்போது இருவரும் ஓசூரில் வேறொரு கம்பெனியில் ஒரே லைனில் நிற்கிறோம். சேரும்போது வழக்கம்போலக் கேட்டார்கள். பிளஸ் டூதான் என்று நான் சொன்னேன். பக்கத்தில் நின்ற தங்கையும் அதையே சொன்னாள். அவள் சொன்னது உண்மை.

பட்டம் வாங்கிய பிறகு நான் படித்தவளாக இருந்தது அந்தக் கேன்டீனில் ஒரு அரை மணி நேரம்தான், அப்படி எழுதியதற்காக இன்றும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இனி யார் எதைக் கேட்டாலும் நாலாவது வரியில் என் கை தானாக நின்றுவிடும் என்பதை நினைத்தால்தான் வருத்தம்.