மூன்று பேருக்கும் ஜூன் ஐந்து

போன வாரம் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏனாத்தூரில் படிக்கும் அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்தப் போன், "லூனெஸ், மார்தெஸ், மியர்கொலெஸ்" என்றது. எனக்கு ரசம் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, "ஹுவேவெஸ், வியர்னெஸ்" என்று மீதியை நான் சொல்லி முடித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் அத்தைக்கு வழி தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

அத்தைக்கும் ஒரு காலம் இருந்தது. டீசல் நாற்றமும் டப்பாவிலிருந்து வரும் எலுமிச்சை சாதத்தின் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு ஸ்பானிஷ் வரும். உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் வழியாக ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில்தான் அதை மனப்பாடம் செய்தோம். காருக்குக் கண்ணாடி செய்கிற தொழிற்சாலை. சரக்கு ஸ்பெயினுக்குப் போகும். எந்தத் தேதியில் கப்பல் ஏறும், எத்தனை மணிக்கு லாரி வரும் என்று அந்த ஊர் குடோன்காரர்களோடு போனில் பேச ஆள் வேண்டும் என்று மூன்று பேரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். நான், செல்வி, குமாரி. கடைசியில் வாய்மொழித் தேர்வு உண்டு. தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அதோடு கான்ட்ராக்ட் முடிந்தது. டிகிரி முடித்து இரண்டு வருஷம் வீட்டில் கோழி விரட்டிக்கொண்டிருந்த எனக்கு, அந்த வேலை போனால் மறுபடியும் கோழிதான்.

டீச்சர் ஸ்பெயினில் இருந்தார். பெயர் பிலார். கேன்டீனை ஒட்டிய அறையில் ஒரு கம்ப்யூட்டர் திரையில் தினமும் வருவார். எங்களைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர் என்பதால் மூன்றாம் நாளே பிலாரக்கா ஆகிவிட்டார். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எங்களுக்கும் அரைகுறை. ஆகவே சண்டை சச்சரவில்லாமல் வகுப்பு நடந்தது.

கிழமைகள் எங்களுக்கு மண்டையில் ஏறவே இல்லை. ஒருநாள் பிலாரக்கா, இதெல்லாம் கிரகங்களின் பெயர்கள் என்று சொல்லிப் படம் போட்டுக் காட்டினார். லூனெஸ் நிலா. மார்தெஸ் செவ்வாய். மியர்கொலெஸ் புதன். செல்வி துள்ளிக் குதித்துவிட்டாள். "அடியே, இது நம்ம நவகிரகம்டி!" அந்தச் சனிக்கிழமையே என்னைச் சிவன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நவக்கிரகத்தைச் சுற்றிச் சுற்றி வந்து லூனெஸ், மார்தெஸ் என்று முணுமுணுத்தோம். எண்ணெய் விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்த குருக்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னம்மா ஸ்லோகம் இது, புதுசா இருக்கே?"

"வெளியூரு ஸ்லோகம் சாமி. வேலை நெலச்சி நிக்கறதுக்கு" என்றாள் செல்வி. பொய்யில்லையே. சனிக்கும் ஞாயிறுக்கும் மட்டும் அவர்கள் கிரகத்தின் பெயரை வைக்கவில்லை என்று அடுத்த வகுப்பில் பிலாரக்கா சொன்னபோது, "சனிய அங்க சேக்கவே இல்லியா? அதான் அவங்க நல்லாக்கீறாங்க" என்று செல்வி பெருமூச்சு விட்டாள்.

பருவங்கள் இன்னும் வேடிக்கை. திரையில் நான்கு படம் வந்தது. பூ, சூரியன், உதிர்கிற இலை, பனி. பயிர் வைக்கிற வீட்டுப் பெண்ணான குமாரி, "இதுல சொர்ணவாரி எங்க வரும்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள். எங்கள் பக்கம் நெல்லை வைத்துத்தானே காலம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம். பிலாரக்கா அந்த மூன்று சொல்லையும் எழுதிக்கொண்டு, சோற்றை வைத்தா பருவத்தைச் சொல்கிறீர்கள் என்று சிரித்தார். மணி சொல்வது மட்டும் எங்களுக்கு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. நாலரை என்று நாம் சொல்வதைத்தான் அவர்களும் நாலும் அரையும் என்று சொல்கிறார்கள்.

அப்புறம் வந்தது வினை. உன் பிறந்தநாள் எப்போது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். நான், ஜூன் ஐந்து என்றேன். செல்வி, ஜூன் ஐந்து என்றாள். குமாரியும் அதையே சொன்னாள். பிலாரக்காவின் முகம் மாறிவிட்டது. அவள் சொன்னதைச் சொல்லாதே, உன்னுடையதைச் சொல் என்றார். "என்னுதும் அதாங்க்கா" என்று தமிழில் அழாத குறையாகச் சொன்னாள் செல்வி.

நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். தலைமையாசிரியர் ஆளைப் பார்த்து ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிடுவார். எங்கள் மூவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே தலைமையாசிரியர். இதை ஸ்பெயின்காரிக்கு எப்படி விளக்குவது? "ஹெட்மாஸ்டர் கிவ் பர்த்டே" என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. இந்தப் பெண்கள் கேள்வி புரியாமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒப்பிக்கிறார்கள் என்று ஆபீசுக்கு எழுதிவிட்டார்.

எங்கள் இன்சார்ஜ் கூப்பிட்டு விசாரித்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "எனக்கே ஜூன் ஒண்ணுதாம்மா போட்டுக்கீறாங்க. அத அந்தம்மாவுக்கு யாரு புரிய வெக்கறது? டெஸ்ட்ல நீங்களே சொல்லிப் புரிய வெச்சா உண்டு. இல்லன்னா கான்ட்ராக்ட் அவ்ளோதான்."

மறுநாள் காலையில் அம்மாவிடம் போய் நின்றேன். ஜாதகம் எழுதுகிற வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யம்மா, நான் நெசமா எப்போ பொறந்தேன்?"

"இன்னாடி திடீர்னு? ஏரி ரொம்பி கோடி போச்சே, அந்த வருசம். அய்ப்பசி கடைசி செவ்வாக்கெயம. மய ஊத்திக்கினு கீது. காஞ்சிவரம் பஸ்சு ஆரன் அடிச்சிக்கினு போச்சி, நீ பொறந்துட்ட."

"மணி இன்னா இருக்கும்?"

"நாலரை பஸ்சுதான். ஆனா அன்னிக்கி ரோட்டு மேல தண்ணி. லேட்டாதான் வந்திச்சி."

அவ்வளவுதான் வேண்டும் எனக்கு. அம்மா மேலே மேலே சொல்லிக்கொண்டே போனாள், நடுநடுவே சிரித்தாள். "போதும்மா, எனக்கு அவ்ளோ ஸ்பானிஷ் வராது" என்று சொல்லிவிட்டு, மழைக்கு என்ன, ஏரிக்கு என்ன என்று வார்த்தை தேடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

தேர்வன்று இன்சார்ஜும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். பிலாரக்கா சிரிக்கவில்லை. நேராக அதே கேள்வி. பிறந்தநாள் எப்போது?

"எனக்கு இரண்டு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று" என்று ஸ்பானிஷில் சொன்னேன்.

நிறுத்தினால் மறந்துவிடும் என்று நான் கடகடவென்று ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஜூன். உண்மையில் நான் பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, உங்கள் ஊரில் இலை உதிரும் பருவம், எங்கள் ஊரில் பெருமழை, ஏரியில் தண்ணீர் நிறைந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

எத்தனை மணிக்கு, என்று கேட்டார் பிலாரக்கா. குரல் இளகியிருந்தது.

"நாலும் அரையும். மாஸ் ஓ மெனோஸ்."

ஏறக்குறைய என்று அதற்கு அர்த்தம். ஏன் ஏறக்குறைய? "பஸ் லேட்" என்றேன். அவ்வளவுதான், அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வியிடம், உனக்கும் அம்மாவுடையது ஒன்று உண்டா என்றார். செல்வி நவரை அறுவடைக்குப் பிறந்தவள். களத்திலிருந்து அவள் அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த கதையை அவள் கைகால் ஆட்டிச் சொல்ல, நவரையா, அப்படியானால் பூக்கும் பருவம் என்று பிலாரக்காவே எடுத்துக் கொடுத்தார். மூன்று பேரும் தேறினோம். இன்சார்ஜ் கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி போடச் சொன்னார். அன்றைக்கு பஸ்ஸில் வாலாஜாபாத் வரும்வரை நாங்கள் போட்ட ஆட்டத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டினார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இப்போது அந்த வேலையே உலகத்தில் இல்லை. தேதியையும் மணியையும் கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கின்றன. பிலாரக்கா வேறெங்கோ போய்விட்டார். அம்மா போய் மூன்று மழைக்காலம் ஆகிறது. நான் பிறந்த கதையை மட்டும் ஸ்பானிஷில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். செவ்வாய், மழை, ஏரி, பஸ். அம்மா அன்று சொன்னதில் அது கால்வாசிகூட இல்லை. எனக்கு வார்த்தை தெரிந்த மட்டும் எடுத்துக்கொண்டேன், அது மட்டும்தான் தங்கியிருக்கிறது. மீதியில் யாரோ ஒருவர் குடையோடு வந்தார். அந்த இடத்தில்தான் அம்மா அப்படிச் சிரித்தாள். அது யார், எதற்காக அந்தச் சிரிப்பு என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. கேட்க ஆளில்லை.