சுந்தரம்மாள் உட்கார்ந்த நாற்காலி

சுந்தரம்மாள் உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் சாப்பாட்டுக் கடை. பக்கத்துச் சைக்கிள் கடை என்னுடையது. புருஷன் போன பிறகு தோசைக்கல் முன்னால் நின்றே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். கடையில் இருந்த ஒரே நாற்காலி, கல்லாவில் இருக்கும் மருமகன் பரமசிவனுக்கு. நின்று நின்று அவள் கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டு கிடந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "சேலைக்குள்ள இருக்கது யாருக்குத் தெரியப் போகுது" என்பாள். கிண்டல்காரி. மறுபடி சாம்பார் கேட்டால், "வே, குளிக்கவா கேக்கீரு?" என்றபடியே வாளியைச் சாய்ப்பாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஒரு மத்தியானம், அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விறகு அவள் கணுக்காலுக்கு மேலே கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். ஆனால் புடைத்த நரம்பில் பட்டு ரத்தம் பீச்சியடித்தது. வலியே இல்லை என்றாள்.

பரமசிவன் பதறிப்போய்த் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அத்தையை உட்காரவைத்தார். ஒருவர் காப்பித்தூளை அள்ளி அப்பினார். இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே துண்டை இறுக்கினார். ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல எங்களுக்கா வாய் இல்லை? தொங்கிய காலிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்தது.

சாப்பாடு வாங்க வந்த நர்ஸ் ஜரினா தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அந்தத் துண்ட அவுத்து விடுங்க, அது ரத்தத்தக் கூட்டத்தான் செய்யும். பெரியம்மாவத் தரையில படுக்க வச்சு காலத் தூக்கிப் பிடிங்க. நான் அமுக்குதேன்."

சுந்தரம்மாள் நாற்காலிக் கையை விடவில்லை. "மருமகன் நிக்காவ. அவுக முன்னால காலத் தூக்கிட்டுப் படுக்கச் சொல்லுதியே தாயி."

"உயிரு போயிரும் பெரியம்மா."

"உக்காந்தே கட்டு. சாயந்தரத்துக்கு மாவாட்டணும்."

பரமசிவன் சட்டென்று வெளியே போனார். நாங்களும் போனோம். அந்த அறிவு எங்களுக்கு முதலிலேயே வந்திருக்கலாம்; நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அதற்குள் அவள் தலை சாய்ந்துவிட்டது. ஜரினா படுக்கவைத்து, காலைத் தூக்கி, துணியை மடித்து வைத்து அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. சுந்தரம்மாளுக்கு மூச்சும் நின்றிருந்தது.

சாயங்காலம் அவளை வீட்டு வாசலில் நீட்டிக் கிடத்தினோம். தெரு ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றி நின்றோம். அவள் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியது பரமசிவன்தான்.