ஊர் சுற்றும் மேசை

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை ஒன்றுதான். நான் தனியாளாக நடிக்கும் நாடகத்தில் மேடைமேல் இருப்பதும் அதே மேசைதான். எனக்கு வெளியூரில் நாடகம் இருந்தால், ரெட்டியார்பாளையத்தில் என் கணவரும் மகளும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

பழைய மரச்சாமான் கடையில் வாங்கியது. ஒரு கால் கொஞ்சம் குட்டை, அதனால்தான் எங்கள் விலைக்குப் படிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் கொடுக்கும் தாளை மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்திருப்போம். மேடையில் தாளை உருவிவிடுவேன். சமைத்துக்கொண்டே சண்டை போடும் ஒருத்தியின் கதை அது. காய் நறுக்கும்போது மேசை டக்டக்கென்று ஆடினால்தான் அவள் கோபத்துக்குத் தாளம் கிடைக்கும். நான் நடிப்பது பாதி, மேசை நடிப்பது பாதி.

கால்களைக் கழற்றி, போர்வையில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். விழுப்புரம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் அந்த மூட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“என்னாம்மா இது?”

“டைனிங் டேபிள்ணே.”

“ஏம்மா, போற எடத்துல ஒக்கார வச்சி சோறு போட மாட்டாங்களா?”

“சோறு போடுவாங்கண்ணே. சம்பளந்தான் போட மாட்டாங்க.”

அவர் சிரித்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன். என் கணவர் கோரிமேட்டில் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை செய்கிறார். வீடு ஓடுவது அவர் சம்பளத்தில். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. காட்டியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பேன்.

அதனால்தான் நிதியுதவி கேட்டு விண்ணப்பம் எழுத ஆரம்பித்தேன். இரண்டு இடங்களில் கையை விரித்தார்கள். மூன்றாவது இடத்தில் கிடைத்துவிட்டது. பன்னிரண்டு ஊர், ஒவ்வோர் ஊருக்கும் சம்பளம்! மெயிலைப் படித்துவிட்டு நடுவீட்டில் ஒரு குத்தாட்டம் போட்டேன். மாதங்கள் கடைசி வரியில் இருந்தன. பிப்ரவரி, மார்ச். மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கும் அதே மாதங்கள்.

அவள் படிப்பதும் அந்த மேசையில்தான். இரண்டு மாதம் மேசை இல்லாமல் பிள்ளை என்ன செய்யும்? பணம்தான் வரப்போகிறதே என்று கணவரின் கார்டைத் தேய்த்து, புதிதாக ஒரு படிப்பு மேசை வாங்கி ஜன்னலோரம் போட்டேன். இழுப்பறை உண்டு, விளக்கு உண்டு. ஆடவே ஆடாது.

மகள் அதன்மேல் துவைத்த துணியை அடுக்கினாள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பழைய மேசைக்கே வந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“இத நான் ஊருக்கு எடுத்துட்டுப் போவணும், தெரியுமில்ல? அங்க போயி ஒக்காரு.”

“டேபிள் போவட்டும்மா,” என்றாள் தலை நிமிராமல். “நீ எதுக்குக் கூடப் போற?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“எக்ஸாம் அன்னிக்குக் காலைல நீ இருக்கணும். அவ்ளோதான்.”

போன மூன்று பிறந்தநாளுக்கும் அவள் கேக் வெட்டியதை நான் போனில்தான் பார்த்தேன். ஒரு தடவைகூட முகம் கோணாதவள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

தேதியை ஜூனுக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாமா என யோசித்தேன். கணவர், “கேட்டுப் பாரு. குடுத்தா குடுக்கட்டும், இல்லன்னா போவட்டும்,” என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். கேட்டு எழுதினேன். உள்ளதும் போச்சடா நொள்ளைக் கண்ணா என்று ஆகிவிடுமோ என எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பதில் வந்தது. ஆறு ஊர்களில் அரங்கத் தேதியை மாற்ற முடியாதாம், மீதி ஆறு ஊருக்கு ஜூனில் போகலாமாம். ஆக, பாதி ஊர், பாதிப் பணம். வருத்தம் இல்லை என்றால் பொய். சரி என்று எழுதிவிட்டேன். புது மேசையில் இப்போது இஸ்திரி போடுகிறோம்.

முதல் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் பழைய மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். தொட்டில் பழக்கம் என்பார்களே, எனக்கு மேடைப் பழக்கம். காலுக்கடியில் இருந்த தாளை எப்போது உருவினேன் என்று தெரியவில்லை. மேசை டக்டக்கென்றது. என் வாய் தானாகவே வசனத்தை ஆரம்பித்துவிட்டது.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அம்மா, நீ பேசாம டூருக்கே போயிருக்கலாம்.”

பீன்ஸைத் தட்டில் அள்ளிக்கொண்டு எழுந்தேன்.

“எங்க போற?” என்றாள். குனிந்து தாளை மடித்துக் காலுக்கடியில் செருகினாள். “ஒக்காரு. வாய மட்டும் மூடிக்கோ.”

மூடிக்கொண்டேன். பீன்ஸ் தீர்ந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.