அழையா விருந்தாளிகள் இரண்டு பேர்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியைச் சுற்றியுள்ள மெஸ்களில் மத்தியானம் தனி டேபிளெல்லாம் கிடைக்காது. எங்கே நாற்காலி காலியோ அங்கே உட்கார வேண்டியதுதான். எதிரே இருப்பவர் யாரென்று யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நானும் என் பழைய சிநேகிதனும் கொரியாவில் ஒரு சின்ன ஊர் ஓட்டலுக்குள் நுழைந்தோம்.

நாங்கள் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதினைந்து வருஷம் ஒரே லைனில் நின்றோம், வாடா போடா பழக்கம். எனக்கு சூப்பர்வைசர் பதவி வந்த அன்றே அவன் 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தான். மரியாதை என்றா நினைக்கிறீர்கள்? என்னைத் தள்ளிவைக்க அவன் கண்டுபிடித்த வழி. புது மெஷினைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி கம்பெனி எங்களை அனுப்பியபோது, அங்கேயாவது பழைய ஆள் திரும்ப மாட்டானா என்று உள்ளுக்குள் ஏங்கினேன். ஆறு நாளாகியும் "ஓகே சார்", "சரிங்க சார்"தான்.

ஓட்டலில் ஒரே ஒரு நீள மேஜை. பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இரண்டு இடம் காலி. போய் உட்கார்ந்தோம். பேச்சு சட்டென்று நின்றது. அப்போதுதான் அந்தக் கோடியில் பட்டுச் சட்டையும் குல்லாவுமாக ஒரு குழந்தையைப் பார்த்தேன். முதல் பிறந்தநாள். ஒரு குடும்பம் ஓட்டலையே எடுத்து விருந்து வைத்திருக்கிறது, நாங்கள் நடுவே போய் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறோம்!

மானம் போயிற்று என்று எழுந்தேன். குழந்தையின் அம்மா சிரித்தபடி என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் சிவக்கச் சிவக்க ஒரு மீன் குழம்புச் சட்டி வந்தது, கூடவே சோறு. குச்சிகளோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு அவன் கையாலேயே பிசைய ஆரம்பித்தான்.

"இன்னாடா பாத்துக்கினு கீறே? கையால துன்னு. நம்ம ஊட்டு கொயம்பு மாதிரியே கீது."

காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவன் மீன் தலையை எடுத்து என் கிண்ணத்தில் போட்டான். அதற்குப் பிறகு எத்தனையோ விருந்துக்குப் போய்விட்டேன், அப்படி வயிறு நிறைந்ததில்லை.

மறுநாள் காலை மெஷின் பக்கத்தில் நின்று "குட் மார்னிங் சார்" என்றான்.

இன்றைக்கும் சார்தான். எங்கள் கேன்டீனில் சூப்பர்வைசர்களுக்குத் தனி டேபிள். நாலடி தள்ளி அவன் பழைய கூட்டத்தோடு சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறான். அவன் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு இடம் காலியாகத்தான் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் வீட்டு விருந்தில் கேட்காமல் உட்கார்ந்தவனுக்கு, அங்கே போய் உட்கார இன்னும் துணிச்சல் வரவில்லை.