திரும்பி வரும் டெல்நெட்

போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையின் சர்வர்களுக்குப் பொறுப்பாக ஒருவர் இருக்கிறார். எதைச் சொன்னாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஆச்சு சார்" என்பார்.

பாதுகாப்புத் தணிக்கைக்கு நான் போகும்போதெல்லாம், பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே அனுப்பும் பழைய டெல்நெட் சேவை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கும் அது தேவையில்லை. என் கண்ணெதிரே நிறுத்துவார். அடுத்த முறை போனால் மறுபடியும் ஓடும்.

"சானமாவு காட்டு யானை மாதிரி சார். தொரத்தினாலும் திரும்பி வந்துருது."

பொறுமையிழந்து, இனி அது தானாக எழவே முடியாதபடி நானே முடக்கிவிட்டு வந்தேன். இந்த முறை போனால், ஓடுகிறது.

"யாருங்க இத எழுப்பினது?"

"நாந்தான் சார். ஒன்னும் கெடைக்கலன்னா நீங்க வேற எதையாச்சும் நோண்டுவீங்களே."

கடுப்பில் அன்று முழுக்க நோண்டினேன். மனிதர் காரணமில்லாமல் பயப்படவில்லை.