நுரை அடங்கும் வரை

எங்கள் பெயிண்டர் கூட்டத்தில் ஏணி என்றால் ஒரே ஆள்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். மற்றவன் ஸ்டூல் போட்டு ஏறுகிற இடத்தில் நின்றபடியே கையை நீட்டுவான். பதினைந்து வயதில் சுவர் தேய்க்கிற உப்புத்தாளும் கையுமாக வந்தவன், இருபத்து மூன்று வருஷமாக என்னோடு வேலை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். போன வருஷம்தான் கல்யாணம். தையல் கூடத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள். அவள் வந்தபிறகுதான் இவன் சட்டையில் எல்லாப் பட்டனும் இருந்தது.

பிள்ளை பெற்ற நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே அவள் போய்ச் சேர்ந்தாள். பெண் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு இவன் மட்டும் வீட்டுக்கு வந்தான்.

அவளுடைய அக்கா வந்து மூன்று வாரம் கூட இருந்தார். அவருக்கும் வீடு, புருஷன், இரண்டு பிள்ளைகள். இனி இருக்க முடியாது, குழந்தையையும் கூட்டிப்போகிறேன் என்றார். பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் என் வீட்டுக்காரி இருக்கிறாள். அது இல்லை அவருக்குக் கவலை. பால் குடித்ததும் குழந்தை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க, மூச்சு விடாமல் கத்தும். வயிறு கல்லு மாதிரி இருக்கும். வயிற்றில் காற்று, மூன்று மாதத்தில் சரியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்துவதை ஏணியால் நிறுத்த முடியவில்லை.

கிளம்புகிற நாள் மத்தியானம் நான் போனபோது குழந்தையின் துணியெல்லாம் பையில் இருந்தது. நாலு மணிக்கு பஸ்.

"கடைசியா நீங்களே குடுங்க தம்பி," என்றார் அக்கா.

இவன் பால் பவுடரைப் போட்டு, பாட்டிலைப் பிடித்து ஆட்டினான் பாருங்கள், தோள்பட்டையே குலுங்கியது.

"டேய், நீ கலக்குறது பாலா, சுவத்துக்கு அடிக்கிற டிஸ்டெம்பரா?" என்றேன்.

ஆட்டியவன் நின்றுவிட்டான். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். பாதிக்கு மேல் நுரை.

"நுரையோட அடிச்சா சுவத்துல கொப்புளம் வரும்ணே," என்றான்.

"அது தெரியாத பெயிண்டர் எவன்டா?"

பாட்டிலை வெந்நீர் டம்ளரில் நிறுத்தி வைத்தான். குழந்தை வீறிட்டது.

"பசியில கத்துது தம்பி. குடுங்க."

"நுரை அடங்கட்டும்க்கா. அது பூரா காத்து."

"பிள்ளை துடிக்குது, நீங்க பாட்டிலை வேடிக்கை பாக்குறீங்களே."

இவன் குழந்தையை முழங்கையில் குப்புறப் போட்டு, உள்ளங்கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றான். அஞ்சு நிமிஷம் இருக்கும். அந்தச் சத்தத்தில் எனக்கே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. இவன் கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது. கை மட்டும் ஆடவில்லை.

நுரை போனதும் குழந்தையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்துக் கொடுத்தான். நாலு வாய் உறிஞ்சியதும் எடுத்து, தோளில் போட்டு முதுகைத் தட்டினான். மறுபடி நாலு வாய். மறுபடி தோள். பெரிய மனுஷன் சாப்பிட்டு எழுந்த மாதிரி ஓர் ஏப்பம் வந்தது. எங்கள் மூன்று பேரில் யாரும் சிரிக்கவில்லை.

அழுகை அடியோடு நின்றுவிட்டது என்றால் பொய். அரை மணி கழித்துச் சிணுங்கியது. இவன் தோளில் போட்டு நடந்தான். தானே அடங்கித் தூங்கிவிட்டது. அத்தனை நாளில் பால் குடித்தபின் கத்தாமல் முடிந்த முதல் வேளை அதுதான்.

அக்கா சுவரோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, பையைத் திறந்து குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார். ஒரு சின்னச் சட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

"என் தங்கச்சி தைச்சது. இத நான் கொண்டுபோகட்டுமா தம்பி?"

இவன் தூங்குகிற குழந்தையை அசைக்காமல், சரி என்று தலையை மட்டும் ஆட்டினான்.